கொல்லியும் ஓரியின் ஊரும்

ஊரால் ஒருவர் அறியப்படுதலும், ஒருவரால் ஊர் அறியப்படுதலும் தமிழ் மரபில் உண்டு. பறம்பு பாரியால் விளங்கிற்று. கொல்லி வல்வில் ஓரியால் விளங்கிற்று. இவ்வளவில் தடையில்லை. ஆயின், ஓரி இருந்த ஊர் இதுவென ஓரிடத்தை வரையறுக்கப் புகுவார் பாட்டைக் கடந்து செல்கின்றனர் என்பதே எம் கருத்து. அடிவாரத்து இராசிபுரத்தை அவன் தலைநகர் என்பார் உளர். அவனுக்குச் சிலை அமைந்ததோ மலைமேல் செம்மேட்டில். பெரக்கரை நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என இன்று ஊராட்சிகளாய் இயங்கும் மலைநாடுகளுள் எதற்கு இவ்வுரிமை?

ஓரியின் தெரு புலப்படும் இடம் நற்றிணை 320. இளம்பரத்தை ஒருத்தி தெருவிற் சென்றபோது ஊரில் எழுந்த ஆரவாரத்திற்கு, ஓரியைக் கொன்ற காரி அவனது பெருந்தெருவிற் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை உவமை கூறுகின்றார் கபிலர். தெரு உண்டு, ஊர்ப்பெயர் இல்லை. அத்தெருவும் உடையவன் மாய்ந்த பின்னர், பகைவன் காலடி பட்டபொழுதே நம் கண்ணிற் படுகின்றது. அதுவும் மருதப் பாட்டொன்றில் உவமையாய்! வரலாறு தேடுவார் இதனை எளிதிற் கடந்துவிடுகின்றனர்.

உயிரோடிருந்த ஓரியை வன்பரணர் காட்டும் இடம் வேறு. புறநானூறு 152இல், வேட்டுவன் ஒருவன் எய்த அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தையும் ஊடுருவுகின்றது. இவன் ஓரிதானோ, அல்லனோ என ஐயுற்ற இரவலர் பாடத் தொடங்குகின்றனர். தன் புகழ் கேட்ட அவன் நாணுகின்றான். பின் மான் ஊனையும் மதுவையும் தன் மலைப் பொன்னையும் மணியையும் வழியிடையே அளிக்கின்றான். அவன் கொடைக்குக் களம் காடு; அரண்மனை அன்று. அந்நாணம் ஒன்றே அவனை ஏனைய வள்ளல்களினின்று பிரித்துக் காட்டப் போதும். இப்பாட்டிற்கு ஊர் தேவைப்படவில்லை.

மலையின் உடைமை மாறியமைக்கும் பாட்டே சான்று. கொல்லிப்பாவையைக் குறுந்தொகை 100இல் கபிலர் ஓரியோடு சார்த்துகின்றார். 89இல் பரணர் பொறையனோடு சார்த்துகின்றார். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தமையை அகநானூறு 209 கூறும். பன்னூறாண்டு கழித்துக் குலசேகரரும் தம்மைக் கொல்லிக்குக் காவலர் என்றே கூறிக்கொண்டார்.

இனி, இன்று அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லன்று இது. தம் முன்னோர் காஞ்சியினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. அக்கதை தொடங்குமிடம் காஞ்சி. ஓரியின் பெருந்தெரு அன்று. ஆகவே பெரக்கரை நாட்டாரை ஓரியின் வழியினர் எனக் கூறுதல், அவர்தம் நினைவை அழித்து அவ்விடத்தே நம் ஏட்டறிவை எழுதுதலாகும். அந்நாட்டின் சிற்றூர்ப் பெயர்களும் தெய்வப் பெயர்களும் குடிவழக்குகளும் முதற்கண் தனியே தொகுக்கப்பெறுதல் வேண்டும். சங்கப் பாட்டோடு ஒப்பிடும் பணி அதன் பின்னரே தொடங்குதல் தகும்.