கதவை அடைத்துக்கொண்டு உண்மையைத் தேடலாமா?

ஃப்ரீமேசன் இயக்கம் என்றதும் ரகசியக் கைகுலுக்கலும் உலகை ஆட்டிவைக்கும் சதியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தக் கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தன்னைத் திருத்திக்கொண்டு உண்மையை நெருங்க விரும்பும் மனிதருக்கான பயிற்சிமுறையாகவே அந்த இயக்கம் தன்னை முன்வைக்கிறது. அந்த நோக்கத்தை வைத்தே அதன் நிறைகுறைகளை எடைபோட வேண்டும்.

1723-இல் லண்டனில் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல், எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் நெறியை மட்டுமே உறுப்பினரிடம் எதிர்பார்த்தது. மற்ற நம்பிக்கைகளை அவரவர் விருப்பத்துக்கே விட்டது. மதச் சண்டைகளில் ரத்தம் சிந்திய ஐரோப்பாவில் இது துணிச்சலான முடிவு.

சடங்குகளிலும் அதே சுதந்திரம் தெரிகிறது. பிரான்ஸ் நாட்டு லாட்ஜுகளில், அதாவது இயக்கத்தின் கிளைச் சபைகளில், புதிதாகச் சேர வருபவரை முதலில் ஓர் இருட்டறையில் தனியே உட்காரவைக்கிறார்கள். மேசையில் மண்டையோடு, ரொட்டித் துண்டு, தண்ணீர், உப்பு, கந்தகம், ஒரு மெழுகுவர்த்தி. அந்த வெளிச்சத்தில் அவர் தன் ‘தத்துவ உயிலை’ எழுத வேண்டும். சாவை எதிரே வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் தனக்கு எது முக்கியம் என்று அவர் தனக்கே பதில் சொல்லியாக வேண்டும். பிறகு செதுக்காத கல்லைக் காட்டி, அதுதான் நீ, உளி உன் கையில் இருக்கிறது என்று உணர்த்துகிறார்கள். உபதேசம் செய்ய குரு கிடையாது. சின்னங்களுக்குப் பொருள் காண்பது அவரவர் பொறுப்பு. இந்த இயக்கத்தின் பெரிய பலம் இதுதான்.

குறைகளும் சாதாரணமானவை அல்ல. ஆங்கிலேய மரபு லாட்ஜுகளில் மதமும் அரசியலும் பேசக்கூடாது. பல மதத்தினர் ஒரே கூடத்தில் அமைதியாக உட்கார அந்த விதி உதவுகிறது. ஆனால் உண்மையைப் பற்றிய ஆழமான கேள்விகளை அதே விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, யாரை உள்ளே விடுவது என்பதில் இருக்கிறது. ‘எல்லா மனிதரும்’ என்று பேசிய ஆண்டர்சனின் நூலே பெண்களையும் அடிமைகளையும் விலக்கியது. பாஸ்டனைச் சேர்ந்த கறுப்பினத் தலைவர் பிரின்ஸ் ஹாலுக்கு லாட்ஜ் நடத்த 1784-இல் லண்டன் பட்டயம் வழங்கியது. அவர் வழிவந்த லாட்ஜுகளை கனெக்டிகட் மாநிலத்தின் தலைமைச் சபை ஏற்றுக்கொள்ள 1989 வரை ஆனது. பிரான்சில் 1882-இல் மரியா தெரேம் என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்டது ஒரு லாட்ஜ். மற்ற லாட்ஜுகள் அந்த வழியைப் பின்பற்றாததால், ஆணும் பெண்ணும் சமமாக அமரும் தனி அமைப்பை 1893-இல் அவர் தொடங்க வேண்டியிருந்தது.

இந்த முரண்பாட்டை உள்ளிருந்தே சுட்டிக்காட்டியவர் ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங். 1771-இல் ஹாம்பர்கில் உறுப்பினரான அவர், 1778-இல் வெளியிடத் தொடங்கிய ‘எர்ன்ஸ்டும் ஃபால்க்கும்’ உரையாடல்களில், லாட்ஜ் வேறு, மேசன் நெறி வேறு என்று பிரித்துக் காட்டினார். நாடும் மதமும் வர்க்கமும் மனிதருக்கிடையே போடும் பிரிவுகளைக் குறைப்பதே அவர் கண்ட மேசன் நெறி. யூதரையும் செருப்புத் தைப்பவரையும் வெளியே நிறுத்தும் லாட்ஜை அந்த அளவுகோலால்தான் அவர் அளந்தார்.

அந்த அளவுகோல் இன்றும் பொருந்தும். இருட்டறையில் தன்னையே கேள்வி கேட்கக் கற்றுத்தரும் முறை மதிக்கத்தக்கது, நாமும் கற்றுக்கொள்ளத்தக்கது. ஆனால் தன்னைப் போன்றவர்களோடு மட்டுமே உட்கார்ந்து தேடுபவருக்குத் தன் பிழையைக் காட்ட ஆள் இருக்காது. பெண்ணையும் வேற்றினத்தவரையும் வாசலில் நிறுத்தும் லாட்ஜ், தன் உறுப்பினருக்கு ஒழுக்கத்தைப் பழக்கலாம். உண்மைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி அதற்கு இல்லை.