பிரம்பும் கோலும்: கிறித்தவ இல்லங்களில் வசன வழக்கும் விவிலியத் தமிழும்

தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவர் இல்லங்களில் மாலைக் குடும்ப ஜெபத்தின்போது பிள்ளைகள் ஒரு வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பது நெடுநாளைய வழக்கமாகும். ஞாயிறு பள்ளியில் கற்ற வசனம் வீட்டில் மீண்டும் சொல்லப்பெறுகிறது. பின்னர்ப் பிள்ளை பொய் சொன்னபோதும் தம்பியை அடித்தபோதும் அதே வசனம் பெற்றோர் வாயிலிருந்து கண்டிப்பாக வெளிப்படுகிறது. தமிழ் மரபுக்கு இது அயன்மையானதன்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் இப்பணியையே செய்தன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1708இல் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஔவையின் ஆத்திசூடி கற்பவனை நேரே முன்னிலைப்படுத்துவது. பிள்ளை வளர்ப்புப் பற்றிய விவிலிய வசனங்களுள் பலவோ பெற்றோரை நோக்கி எழுந்தவை. அவற்றைப் பிள்ளையின் வாயில் இட்டு ஒப்புவிக்கச் செய்யும்போது, தந்தைக்குச் சொன்ன சொல் மகனுக்கு எதிரான சொல்லாக இடம் பெயர்கிறது. இவ்விடப்பெயர்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொற்களும் துணைநின்றன.

இவ்வில்லங்களில் பெருவழக்காக உள்ளது, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பாகும். நீதிமொழிகள் 13:24, 22:15, 23:13, 29:15 ஆகிய நான்கிடங்களிலும் ‘ஷேவெத்’ என்னும் எபிரேயச் சொல் அதில் ‘பிரம்பு’ எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. இதே சொல் 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனின் ‘கோல்’ ஆகிறது; ஆதியாகமம் 49:10இலும் 45ஆம் சங்கீதத்திலும் ‘செங்கோல்’ ஆகிறது. மேய்ப்பன் கையில் கோல், அரசன் கையில் செங்கோல், தந்தை கையில் மட்டும் பிரம்பு! பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிறுவனுக்குப் பிரம்பு என்பது திண்ணைப் பள்ளி ஆசிரியரின் கைப்பொருள். வசனத்தைக் கேட்ட அளவிலேயே அவன் மனத்தில் எழுந்த உருவம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

‘மூஸார்’ என்னும் சொல்லின் நிலை இதனினும் சுவையானது. நீதிமொழிகள் 1:2இல் அது ‘போதகம்’, 1:8இல் தகப்பனின் ‘புத்தி’, 3:11இல் ‘சிட்சை’, பிரம்போடு சேர்ந்து வரும் 22:15இல் ‘தண்டனை’. இவற்றுள் ‘சிட்சை’ தனியே ஆராயத்தக்கது. ‘சிக்ஷா’ என்னும் வடசொல் இந்தியில் கல்வியைக் குறிக்க, மலையாளத்திலும் தெலுங்கிலும் தண்டனையைக் குறிக்கின்றது. தமிழில் இரு பொருளும் இருந்தன. கிறித்தவ வழக்கில் ‘சிட்சித்தல்’ பெரும்பாலும் தண்டித்தலாகவே நிலைபெற்றது. இதனால் எபேசியர் 6:4இல் ‘பைதெயா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உரிய பயிற்றுதல், வளர்த்தல் என்னும் விரிந்த பொருள் மங்கியது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘சிட்சை’யைக் கைவிட்டுக் கண்டித்துத் திருத்துதல் எனப் பொருளை விரித்தமை இக்குறையை உணர்ந்ததன் விளைவாகலாம்.

பிரம்பைக் கோல் என மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். மேய்ப்பனின் கோல் ஆட்டை அடிப்பதற்கன்று, வழிகாட்டுவதற்கே என்று பிரசங்கங்களில் விளக்கம் தரப்படுவதுண்டு. இவ்விளக்கம் இரக்கத்தில் பிறந்ததே. ஆயினும் மூலத்துக்கு ஒவ்வாதது. நீதிமொழிகள் 23:13இல் அடித்தல் என்னும் வினையே வெளிப்படையாக நிற்கின்றது. பழங்கால இசுரவேலரின் ஒறுப்பு முறையை அவ்வசனம் உள்ளவாறே காட்டுகிறது. அதைப் பூசி மெழுகுவது உரைகாரர்க்கு அழகன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்துள்ள காலத்தில், வீட்டில் பிரம்புக்குச் சான்றாக அவ்வசனத்தைக் காட்டும் பெற்றோர்க்கு விடை சொல்லின் திருத்தத்தில் இல்லை. வசனத் தேர்வில்தான் உள்ளது.

அத்தேர்வு ஒருபுறம் சாய்ந்தே நிகழ்கின்றது. எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பெற்றோர்க்குக் கீழ்ப்படியுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் வசனம் மனப்பாடத்திற்குரியதாகக் கொள்ளப்படும் அளவிற்கு, பிள்ளைகளைச் சினமூட்டாதிருக்கத் தந்தையரைப் பணிக்கும் நான்காம் வசனம் கொள்ளப்படுவதில்லை. கொலோசெயர் 3:20, 21 ஆகியவற்றின் நிலையும் இதுவே. பிள்ளைகள் மனம் தளர்ந்துபோவர் என்னும் காரணத்தையும் சேர்த்துக் கூறும் 21ஆம் வசனமே அங்கு விடுபடுகிறது. இரண்டிடங்களிலும் பவுலின் பெயரால் அமைந்த அறிவுரை இணையாக யாக்கப்பட்டது; ஒரு பாதியைப் பிரித்தெடுத்தால் அது வேறு பொருள் தரும்.

அடுத்தடுத்து நிற்கும் இவ்வசனங்களை ஒருசேரப் பிள்ளை ஒப்புவிக்கும் இல்லத்தில், முதற்பகுதிக்குக் கேட்போன் பிள்ளை. ‘பிதாக்களே’ என்னும் விளி வந்தவுடன், எதிரே அமர்ந்திருக்கும் தந்தை கேட்போன் ஆகிவிடுகிறான்.