விளிம்பைத் தேடும் கண்: இம்ப்ரஷனிசக் கலைகளை ரசிப்பது எப்படி

இம்ப்ரஷனிசம் எனப்படும் மனப்பதிவுக் கலைப்போக்கையும், அதைத் தொடர்ந்தும் அதனோடு முரண்பட்டும் எழுந்த பின் இம்ப்ரஷனிசத்தையும் ரசிக்க விரும்புவோர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது விளிம்பைப் பார்ப்பதாகும். ஒரு பொருள் எங்கே முடிகிறது, அதைச் சூழ்ந்த காற்றும் ஒளியும் எங்கே தொடங்குகின்றன என்று காட்டும் எல்லைக்கோட்டை 1870களில் பாரிஸில் திரண்ட ஓவியர்கள் கரைத்தார்கள்; அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அதே கோட்டை வேறு நோக்கத்துடன் மீண்டும் வரைந்தார்கள். இந்தக் கரைதலும் மீள்தலும் ஓவியத்தோடு நின்றுவிடாமல் சிற்பம், இசை, நாடகம், நடனம் ஆகியவற்றிலும் வெவ்வேறு அளவில் நிகழ்ந்தன. ஆகையால் எந்தப் படைப்பின் முன் நின்றாலும் அதில் விளிம்பு என்னவாகிறது என்று கேட்டுப் பார்ப்பது, பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதைவிட மிகுந்த பயனைத் தரும்.

1874 ஏப்ரல் 15 அன்று, பாரிஸின் கப்புசீன் பெருந்தெருவில் புகைப்படக் கலைஞர் நதார் முன்பு பயன்படுத்திய கூடத்தில், சலோன் எனப்படும் அதிகாரபூர்வ ஆண்டுக் கண்காட்சியின் தேர்வுக்குழுவை நம்பியிராத ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் தங்கள் படைப்புகளைத் தாங்களே காட்சிக்கு வைத்தனர். மோனே, ரெனுவார், பிசாரோ, டெகா, பெர்த் மொரிசோ, செசான் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். மோனேயின் ‘மனப்பதிவு: சூரிய உதயம்’ என்ற ஓவியத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விமர்சகர் லூயி லெருவா எழுதிய கேலிக் கட்டுரையிலிருந்தே இயக்கத்தின் பெயர் பரவியது. லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலைக் காட்டும் அந்த ஓவியத்தின் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், ஆரஞ்சு நிறச் சூரியன் ஏறக்குறைய மறைந்துபோவதைக் காணலாம். சூரியனும் அதைச் சூழ்ந்த சாம்பல்நீல வானமும் வெளிச்ச அளவில் ஏறத்தாழ ஒன்றாகவே தீட்டப்பட்டிருப்பதால், நிறம் ஒன்றுதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தச் சூரியன் துடிப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியுள்ளார். கோடு போட்டு வட்டத்தை வரையாமலே சூரியனை உதிக்க வைத்த இந்த உத்தியைக் கண்ணால் ஒருமுறை சோதித்துவிட்டவர்களுக்கு, இம்ப்ரஷனிச ஓவியம் அரைகுறையாக முடிக்கப்பட்டது என்ற பழைய குற்றச்சாட்டு மீண்டும் தோன்றாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது நிழல். பட்டறையில் பயின்ற ஓவியர்கள் நிழலைப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தீட்டிவந்தபோது, வெளியில் சென்று தீட்டியவர்கள் நிழலிலும் வானத்தின் நிறம் படிந்திருப்பதைக் கண்டனர். மோனே 1868–69இல் தீட்டிய ‘மேக்பை’ என்ற பனிக்காட்சியில் வேலியின் நிழல் நீலமாக விழுந்திருப்பது இதற்குத் தெளிவான சான்று. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் கண்டுபிடித்த உலோக வண்ணக்குழாய், குழைத்த எண்ணெய் வண்ணத்தை உலராமல் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் எடுத்துச் செல்ல வழிசெய்தது. ஒளி மாறிக்கொண்டே இருந்ததால் தூரிகை விரைந்தாக வேண்டியிருந்தது. ஒரு பூச்சு உலருமுன் அதன்மேல் அடுத்த பூச்சு விழுந்தது. அதனால் விளிம்புகள் ஒன்றோடொன்று கலந்தன. இத்தகைய ஓவியத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் ஒருமுறையும், பத்தடி விலகி ஒருமுறையும் பார்ப்பது அவசியம். அருகில் வண்ணத் திட்டுகளாகவே இருப்பது எந்த இடத்தில் நீராகவோ இலையாகவோ மாறுகிறது என்று முன்னும் பின்னும் நகர்ந்து கண்டறிவதிலேயே பாதி ரசனை அடங்கியிருக்கிறது.

புகழ்பெற்றது ‘சூரிய உதயம்’ என்றாலும், மோனேயின் மேதைமையை அறிவதற்கு 1890களில் அவர் தீட்டிய வரிசை ஓவியங்களே சிறந்தவை. ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை அவர் முப்பதுக்கும் மேற்பட்ட முறை தீட்டினார். அவற்றுள் இருபது 1895இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காலை, நண்பகல், மாலை, மூடுபனி எனப் பொழுதுக்கேற்ப ஒரே கல் முகப்பு நீலமாகவும் பொன்னாகவும் சாம்பலாகவும் மாறுவதை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஓவியத்தின் பொருள் தேவாலயமன்று, அதன்மேல் விழும் பொழுதே என்பது விளங்கும். எனவே ஒற்றை ஓவியத்தில் தேங்கிவிடாமல் மூன்று நான்கு படங்களையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பின் இம்ப்ரஷனிசம் என்ற பெயரை 1910இல் லண்டனில் தாம் அமைத்த கண்காட்சிக்காக ராஜர் ஃப்ரை என்ற ஆங்கிலேய விமர்சகர் உருவாக்கினார். அப்பெயருக்குள் அடைக்கப்பட்ட ஓவியர்கள் ஒரே கொள்கையைக் கொண்டவர்கள் அல்லர். கணப்பொழுதின் ஒளி மட்டும் போதாது என்ற எண்ணமே அவர்களுக்குப் பொதுவானது. சிகாகோவில் உள்ள செசானின் ‘ஆப்பிள் கூடை’ ஓவியத்தில் மேசையின் விளிம்பைக் கண்ணால் பின்தொடர்ந்தால், துணிக்கு இடப்புறம் மறையும் கோடு வலப்புறம் வேறோர் உயரத்தில் வெளிப்படுவதைக் காணலாம். ஓவியருக்கு வரையத் தெரியாததால் நேர்ந்த பிழையன்று இது. இரு பார்வைக் கோணங்களை ஒரே பரப்பில் நிறுத்தி, பழங்களுக்குக் கல்லின் கனத்தை அளிக்கும் திட்டமிட்ட கட்டமைப்பு. ‘கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ என்ற ஏறத்தாழ மூன்று மீட்டர் அகல ஓவியத்தில் சூரா, நிறங்களைச் சிறு புள்ளிகளாக அடுத்தடுத்து வைத்து அவற்றைக் கண்ணிலேயே கலக்கவிட்டார். ஆயினும் அதில் உள்ள மனிதர்களின் புறவடிவங்கள் தூண்களைப்போல் உறைந்திருக்கின்றன. கோகன் தம் வண்ணப் பரப்புகளைத் தடித்த இருண்ட கோட்டால் சுற்றி அடைத்தார். வான் கோ 1889 ஜூனில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் தீட்டிய ‘விண்மீன் இரவு’ ஓவியத்தில் வீடுகளின் கருங்கோடுகளையும் வானத்தின் சுழல்களையும் ஒப்பிட்டால், கோடு பொருளைவிட்டு மனநிலையின் பக்கம் வந்துவிட்டது புலப்படும்.

சிற்பத்தில் விளிம்பைக் கரைப்பது எளிதன்று. கல்லும் வெண்கலமும் காற்றோடு கலப்பதில்லை. இத்தாலியச் சிற்பி மெதார்தோ ரோஸோ அதற்காக மெழுகைக் கையாண்டார். 1906இல் அவர் செய்த ‘எச்சே புவெர்’ என்ற சிறுவனின் முகம் திரைச்சீலைக்குப் பின்னிருந்து தோன்றி மறைவதுபோல் அமைந்துள்ளது. அதைச் சுற்றிவந்து பார்க்காமல், ஓவியத்தைப்போல் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதே தக்கது. பிரெஞ்சுச் சிற்பி ரோடினுக்குக் கிடைத்த புகழில் ஒரு பகுதியேனும் ரோஸோவுக்குச் சேர வேண்டியது. டெகா 1881இல் காட்டிய ‘பதினான்கு வயதுச் சிறு நடனமங்கை’ மெழுகு உடலுக்கு உண்மையான துணியாடையை அணிவித்துக் கலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான விளிம்பையே குழப்பியது. ரோடின் செய்த எழுத்தாளர் பால்ஸாக்கின் சிலையோ 1898இல் அதைச் செய்யப் பணித்த எழுத்தாளர் சங்கத்தாலேயே மறுக்கப்பட்டு, வெண்கலத்தில் வார்க்கப்பட்டு 1939இல்தான் பாரிஸ் தெருவில் இடம்பெற்றது. அதன் மேலங்கியில் கண்ணை வைத்து, கீழிருந்து மேலாக ஒளி எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதே ரோடின், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனியின் புகைப்படங்களைப் பார்த்து 1913இல் எழுதிய வியப்புரை 1921இல் அச்சானது. உடலின் மேல் ஒளியும் நிழலும் ஓடுவதையே அவர் அங்கும் கண்டார் என்பதைத் தமிழ் வாசகர் மறந்துவிடலாகாது.

இசையில் விளிம்பு என்பது, சுரம் தன் ஆதாரத்துக்குத் திரும்பிச் சொற்றொடர் முடிந்துவிட்டதை உணர்த்தும் இடம். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி அந்த முடிவுகளைத் தள்ளிப்போட்டார். இம்ப்ரஷனிசம் என்ற அடைமொழியை அவர் வெறுத்தாலும் ஒப்புமை பொருத்தமானதே. 1894 டிசம்பர் 22 அன்று முதலில் இசைக்கப்பட்ட ‘ஃபானின் பிற்பகலுக்கான முன்னிசை’ ஒற்றைப் புல்லாங்குழலின் சறுக்கலோடு தொடங்கி, சற்று நேரத்தில் ஒரு முழுத் தாளக்கட்டு நேரத்துக்கு மௌனமாகிவிடுகிறது. அதன்பின் அதே குழல் மெட்டு பலமுறை திரும்பி வரும்போது, மெட்டு பெரிதும் மாறாமல் அதன் கீழ் ஒலிக்கும் இசைவுகளே மாறுகின்றன. ரூவான் முகப்பின் மேல் ஒளி மாறியதும் இவ்வாறே ஆகும்; ஆகவே முதல் கேட்பில் குழலை மட்டும் பின்தொடர்ந்து, இரண்டாம் கேட்பில் அதன் அடியில் நிகழ்வதைக் கவனிக்கலாம்.

தம்புராவின் சுருதியில் ஊறிய கர்நாடக இசை ரசிகர்களுக்கு இங்கே ஒரு தடை உண்டு: செவி தன்னையறியாமல் ஷட்ஜத்தைத் தேடும், அது கிடைக்காமல் தவிக்கும். அந்தத் தவிப்பை விரும்பி ஏற்பதே வழி. டெபுஸியின் ‘வுவால்’ என்ற பியானோ இசை பெரும்பகுதி முழுத்தொனி அளவையில், அதாவது ஒரே அளவு இடைவெளி கொண்ட ஆறு சுரங்களில் இயங்குகிறது. கோப்ரியா ராகத்தின் சுர இடைவெளிகளும் அவையே. பஞ்சமம் இல்லாத, எல்லாப் படிகளும் சமமான ஏணியில் கால் ஊன்ற இடமில்லாததால் இசை மிதக்கிறது.

நாடகத்துக்கு இப்பெயர் தளர்வாகவே பொருந்தும். குறியீட்டுவாதம் என்பதே அங்கு நேரான சொல். ஆயினும் 1893இல் லுக்னே-போ மேடையேற்றிய மேட்டர்லிங்கின் ‘பெலியாஸும் மெலிசாந்தும்’ நாடகத்தில் மேடைக்கும் அவைக்கும் இடையே மெல்லிய வலைத்துணி தொங்கியது என்பது கவனத்துக்குரியது. அந்நாடகத்தை வாசிப்போர் சொல்லப்பட்டதைவிட வாக்கியங்களுக்கு இடையே உள்ள மௌனங்களில் தங்க வேண்டும்.

நடனத்தில் இரு போக்குகளும் இரு உடல்களில் தெளிவாகத் தெரிகின்றன. 1892இல் பாரிஸின் ஃபொலி பெர்ஜேர் அரங்கில் தோன்றிய அமெரிக்கரான லோயி ஃபுல்லர், கைகளில் மறைத்துப் பிடித்த கோல்களால் பல கெஜம் பட்டுத்துணியைச் சுழற்றி, அதன்மேல் வண்ண மின்விளக்குகளைப் பாய்ச்சித் தம் உடலின் விளிம்பையே மறைத்தார். இன்று இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் வண்ணம் தீட்டிய பழைய படச்சுருள்கள் பலவற்றில் ஆடுவோர் அவரைப் பின்பற்றிய பிறர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1912 மே 29 அன்று ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி, டெபுஸியின் அதே முன்னிசைக்குத் தாம் அமைத்த நடனத்தை ஆடியபோது, கால்களும் முகமும் பக்கவாட்டில், மார்பு அவையை நோக்கி, கிரேக்கப் பானைச் சித்திரத்தின் கோணங்களோடு உடல் தட்டையாகியது. கரைந்து ஓடும் இசையின்மேல் கூர்மையான உருவக்கோடுகள் நடந்தன. இம்ப்ரஷனிசமும் அதற்குப் பின் வந்ததும் இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்த மேடை வேறொன்றைக் காட்டுவது கடினம். நிஜின்ஸ்கி 1915இல் தாமே எழுதிவைத்த குறியீட்டுப் பிரதி 1980களில் படித்தறியப்பட்டு, நடனம் மீட்டமைக்கப்பட்டுள்ளது. இக்கலைகளுக்குப் புதியவர்கள் பத்து நிமிட அளவுள்ள அந்த முன்னிசையை முதலில் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பின்னர் மீட்டமைக்கப்பட்ட நடனத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.