நிலாவரையின் சுருதி

நாட்டு மருந்துக் கடையில் நிலாவரை கேட்டால் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். மலச்சிக்கலுக்கு வாங்குகிறவர்கள் அதைக் கொதிநீரில் போடுவார்கள். நான் முதலில் ஒரு துண்டை நுண்ணோக்கிக்கு எடுத்து வைத்துவிடுவேன்.

குளோரல் ஹைட்ரேட் கரைசலில் சற்றே சுடவைத்தால் பச்சையம் கழன்று இலைத்துண்டு கண்ணாடியாகத் தெளியும். குமிழை மெல்லத் திருக, முதலில் மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரே செல். தடித்த சுவர், உடம்பெல்லாம் சின்னச் சின்ன மரு, அடியில் ஒரு வளைவு. இன்னும் கொஞ்சம் இறங்கினால் புறத்தோல். நேர்விளிம்புச் செல்கள் இடைவெளியில்லாமல் தளம் பாவியிருக்கும். நடுநடுவே இலைத்துளைகள், பெரும்பாலானவற்றுக்கு இருபுறமும், துளைக்கு இணையாக, ஆளுக்கொரு துணைச்செல் காவல். இலையைப் புரட்டிப் போட்டாலும் இதே காட்சிதான்.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. சூடான் பக்கம் விளைந்து, ஏற்றுமதியான எகிப்துத் துறைமுகத்தின் பெயரைச் சூடிக்கொண்ட அலெக்சாண்ட்ரியா நிலாவரை. நம்முடையது உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலி நிலாவரை. முழு இலையாக இருந்தால் பழகிய கண் பிரித்துவிடும். பொடித்துவிட்டால்?

சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்று எண்ணலாம். ஆனால் அந்தக் கணக்கு நிலையில்லாதது. இலை விரிய விரியச் செல்கள் பெருத்து, துளைகள் விலகிப் போகும். 1927-ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சாலிஸ்பரி வேறு கணக்குச் சொன்னார்: துளைகளையும் புறத்தோல் செல்களையும் சேர்த்து எண்ணி, அதில் துளைகள் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பது. இலை பெருத்தாலும் சிறுத்தாலும் இந்த விகிதம் அவ்வளவாக அசையாது. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் சுரங்களின் இடைவெளி மாறாததுபோல.

அலெக்சாண்ட்ரியா இலையில் அந்த எண் ஏறத்தாழ 11 முதல் 13. திருநெல்வேலி இலையில் 17 முதல் 20. ஒன்றின் எல்லைக்குள் மற்றது கால்வைப்பதில்லை. மயிர்களும் ஒத்துச் சாட்சி சொல்கின்றன: அங்கே மயிருக்கு மயிர் சுமார் 3 செல் தூரம், இங்கே சுமார் 6.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் ஒரே சிற்றினம், சென்னா அலெக்சாண்ட்ரினா. சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ராகம்தான் என்கிறார்கள், சரி. பாணி இரண்டு என்பதை ஒரு சிட்டிகைப் பொடியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.