வேதமும் வியாக்கியானமும்: தோமஸ் முன்சரின் ஒரு பிரசங்கம்

போதகர் ஒருவர் வேதத்தை எங்ஙனம் வாசிக்கின்றார் என்பதே அவரது பிரசங்கம் யாருக்குப் பயன்படும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. 1524ஆம் ஆண்டு யூலை 13ஆம் திகதி, ஜேர்மனியின் அல்ஸ்ரெற் கோட்டையில், சக்சனிக் கோமகன் யோகானும் அவர் மைந்தரும் கேட்டிருக்க, அவ்வூர்ப் போதகர் தோமஸ் முன்சர் நிகழ்த்திய பிரசங்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

முன்சர் எடுத்துக்கொண்டது தானியேல் ஆகமத்தின் இரண்டாம் அதிகாரம். நேபுகாத்நேச்சார் மன்னன் கனவிற் கண்ட சிலையை, கைகளாற் பெயர்க்கப்படாத கல்லொன்று நொறுக்குகின்றது. வியாக்கியானிகள் அச்சிலையிற் பண்டைய பேரரசுகள் நான்கினைக் கண்டனர். முன்சரோ ஐந்தாவதொன்றையும் கண்டார். இரும்பும் களிமண்ணும் கலந்த பாதங்கள் தம் காலத்து ஆட்சியே என்றார். அக்கல் பெரிதாகி வருவதை அரசரினும் ஏழைக் குடியானவரே தெளிவாகக் காண்கின்றனர் என அரசர் முன்னிலையிலேயே உரைத்தார்.

இத்துணிவு எங்கிருந்து பிறந்தது? எழுத்தை மாத்திரம் பற்றிநிற்கும் கற்றோரை அவர் ஏற்றிலர். துன்புறும் உள்ளத்தோடு கடவுள் இன்றும் பேசுகின்றார் என்பது அவர் கொள்கை. ஆதலின் வேதம் அவருக்கு முடிந்துபோன வரலாறன்று, நிகழ்காலத்தின் கண்ணாடி.

உரோமர் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, ஆள்வோருக்குக் கீழ்ப்படிதலை மார்ட்டின் லூதர் வலியுறுத்தினார். அதே அதிகாரத்தில் முன்சர் கண்டது ஆள்வோரின் கடமையை. தீயோரை அடக்காத மன்னரிடமிருந்து வாள் பறிக்கப்படும் என்று எச்சரித்தார். நூல் ஒன்று, வாசிப்பு இரண்டு. மறு ஆண்டில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது லூதர் மன்னர் பக்கமும் முன்சர் விவசாயிகள் பக்கமும் நின்றமை வியப்பன்று.

இவ்யுத்தத்தைப் பற்றி 1850இல் எழுதிய ஏங்கல்ஸ், சமயச் சொற்களின் பின்னே வர்க்க நலன்களைக் கண்டார். அதனை நாம் ஏற்கின்றோம். ஆயினும் வியாக்கியானத்தை வெறும் போர்வையெனத் தள்ளுதல் பொருந்தாது. தன் துயரைப் பேச வேறு மொழியறியாக் குடியானவனுக்கு அதுவே மொழியாயிற்று.

எனினும் முன்சரின் குறையை மறைத்தலாகாது. உள்ளத்தில் ஒலிக்கும் தெய்வக்குரலே இறுதிச் சான்றெனின், பிழையைச் சோதிப்பது எதனால்? தெய்வத் துணை உறுதியென நம்பி, 1525 மே 15இல் பிராங்கன்ஹவுசனில் நின்ற விவசாயிகள் ஆயிரக்கணக்கிற் கொன்றொழிக்கப்பட்டனர். மே 27இல் முன்சரும் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

நூலை மக்கள் வாழ்வோடு பொருத்தி வாசிக்கும் துணிவை நாம் முன்சரிடம் கற்போம். கள நிலையை ஆராய்ந்தறியும் பொறுப்பை அவர்தம் தோல்வியிற் கற்போம்.