காவல் நிலையம் முதல் படி அல்ல

பழைய வீட்டைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட காண்ட்ராக்டர், பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, சமையலறைச் சுவரை இடித்துவிட்டு, பேசிய தொகையில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டு வராமல் போய்விடுகிறார். போனை எடுப்பதில்லை. மேஸ்திரியைக் கேட்டால் எனக்கே கூலி பாக்கி என்கிறார். இந்த நிலையில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் போவது காவல் நிலையத்துக்கு. ஆத்திரம் நியாயமானது. போகும் இடம்தான் தவறு. அங்கே பணம் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். பின்னால் கைகொடுக்கக்கூடிய நல்ல வழியையும் அந்தப் புகார் கெடுத்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. பழைய 420-தான் அது. 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் வாக்குத் தவறுவது வேறு, ஏமாற்றுவது வேறு என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-ல் அது வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: பணம் வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆள் வைத்து வேலை பார்த்தவர், சிமென்ட் இறக்கியவர், சுவரெழுப்பிப் பூசியவர் மீது இதை நிரூபிப்பது மிகக் கடினம். அவர் செய்த அரைகுறை வேலையே, தொடக்கத்தில் செய்யும் எண்ணம் இருந்தது என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.  ஆகவே குடும்பத்தின் கைக்கு வருவது பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும், ஆய்வாளர் முன்னால் காண்ட்ராக்டர் எழுதிக்கொடுத்த ஓர் உறுதிமொழியும்தான். ஆய்வாளரின் ஒரு போன் அழைப்பில் வேலை மறுபடி தொடங்கியதும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் சொத்தை ஜப்தி செய்ய முடியாது.

விதிவிலக்கு உண்டு. அட்வான்ஸ் வாங்கியவர் ஒரு மூட்டை சிமென்ட் கூட இறக்கவில்லை, கொடுத்த முகவரி பொய், வாங்காத பொருளுக்குப் போலி பில் காட்டினார், இதே வேலையை வேறு சில வீடுகளிலும் செய்திருக்கிறார் என்றால் அது குற்றம்தான். அப்போது காவல் நிலையமே சரியான இடம்.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியது 2023-ல் சிட்டி யூனியன் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை. நுகர்வோர் ஆணையத்தின் விசாரணை சுருக்கமானது. மோசடி, ஏமாற்று போன்ற குற்றத்தன்மை உள்ள விவகாரங்களையும், உண்மை எது என்பதே கடும் சர்ச்சையில் இருக்கும் விவகாரங்களையும் அது தீர்க்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதாவது, காவல் நிலையத்தில் 'திட்டமிட்ட மோசடி' என்று எழுதிக்கொடுத்தவர், பிறகு ஆணையத்தில் 'சேவைக் குறைபாடு' என்று வரும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் புகாரின் நகலையே நீட்டி, இது இங்கே வரவேண்டிய வழக்கல்ல என்று வாதிடலாம். அந்த வாதம் எப்போதும் ஜெயிக்காது. ஆனாலும் அதற்கு நாமே ஏன் இடம் தர வேண்டும்?

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். அந்தச் சட்டம் வீடு விற்பவருக்கானது. விற்பனை சாராத புதுப்பிப்பையும் பழுதுபார்ப்பையும் 3-ஆம் பிரிவு பதிவிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது.

ஆக, எடைபோட வேண்டியவை இரண்டு: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், உரிமையியல் நீதிமன்றம்.

வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே முடிவாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்ற வரையறைக்குள் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. காண்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் மத்தியஸ்தர்தான்' என்று ஒரு வரி இருந்தாலும் ஆணையத்தின் கதவு மூடாது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் அது தெளிவாகிவிட்டது. உத்தரவை மீறினால் 3 ஆண்டு வரை சிறை என்ற அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. தோற்ற காண்ட்ராக்டர் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்பதை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். இழுத்தடிப்பதற்காகவே மேல்முறையீடு போடும் பழக்கத்துக்கு அது ஒரு தடை.

குறைகளும் சிறியவை அல்ல. 3 மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; அந்தக் கெடு பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. காலவரம்பு 2 ஆண்டு மட்டுமே. 'அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன் சார்' என்ற பதிலை நம்பிக் காத்திருக்கும் குடும்பம், அந்த 2 ஆண்டில் கணிசமான பகுதியைத் தெரியாமலே இழந்துவிடுகிறது.

உரிமையியல் நீதிமன்றத்தில் காலவரம்பு 3 ஆண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், செலவு என்ற வாதம் பழையபடி வலுவாக இல்லை. சாட்சியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே முழு இடம் உண்டு. ஒப்பந்தமே வாய்வழி, இடையில் 'எக்ஸ்ட்ரா வேலை' ஏராளம், யார் முதலில் வாக்குத் தவறினார்கள் என்பதே சண்டை என்றால் அந்த விசாரணை தேவைதான். காண்ட்ராக்டர் பக்கத்திலும் நியாயம் இருக்கக்கூடும். பேசிய கட்டத்தில் பணம் தராமல், டைல்ஸை மூன்று முறை மாற்றச் சொன்ன வீட்டுக்காரர், வேலையை நிறுத்தியவர் மீது முழுப் பழியையும் போட முடியாது. எதிர்த்தரப்பு தன் கடமையைச் செய்யாதபோது வேலையை நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டமே இடம் தருகிறது. இன்னொன்று: காண்ட்ராக்டர் தன் மனையை அவசரமாக விற்கப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், தீர்ப்புக்கு முன்பே அதை முடக்கக் கேட்பதற்கு உரிமையியல் நீதிமன்றமே ஏற்ற இடம்.

எங்கே போனாலும் எவ்வளவு கேட்பது என்பதில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். மொத்தம் பேசியது 8 லட்சம். கொடுத்தது 5 லட்சம். நடந்த வேலையின் மதிப்பு 3 லட்சம். மீதி வேலைக்குப் புதிய காண்ட்ராக்டர் ஆறரை லட்சம் கேட்கிறார். சிலர் கொடுத்த 5 லட்சத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். நடந்த வேலையைக் கழிக்காத கோரிக்கை நிற்காது. சிலர் 2 லட்சம் மட்டும் கேட்கிறார்கள்; அது குறைவு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 73-ஆம் பிரிவு சொல்லும் இழப்பு வேறு. 8 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வீடு பதினொன்றரை லட்சத்தில் முடிகிறது. ஆகவே இழப்பு மூன்றரை லட்சம். முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டை ஒப்பந்தப்படி பழுதுபார்க்காதவர், அதைச் சரிசெய்ய ஆகும் செலவைத் தர வேண்டும் என்பது அந்தப் பிரிவின் கீழேயே ஓர் எடுத்துக்காட்டாக இருக்கிறது. நம் குடும்பங்களின் பிரச்சினை 150 ஆண்டுக்கு முன்பே சட்டத்தில் ஏறியிருக்கிறது. அதை எடுத்துக் காட்டுவோர்தான் குறைவு.

இந்த மூன்றரை லட்சத்தை நிரூபிக்க, கைவிடப்பட்ட நாளில் வீடு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். இங்கேதான் உண்மையான இக்கட்டு. குழந்தைகளோடு, வயதான பெற்றோரோடு பாத்ரூம் இல்லாத வீட்டில் தீர்ப்பு வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது. இழப்பைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சட்டம் நம்மீதே வைக்கிறது. ஆனால் புது ஆளை வைத்து வேலையை முடித்த அன்று பழைய அரைகுறை மறைந்துவிடும். ஆகவே வேலையை மறுபடி தொடங்குமுன், பதிவுத் தபாலில் நோட்டீஸ்: இந்தத் தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் முறிந்ததாகக் கொள்வோம், இந்த நாளில் பொறியாளர் அளவெடுக்க வருகிறார், நீங்களும் வந்து பார்க்கலாம். அவர் வராவிட்டாலும் அறை அறையாக எடுத்த அளவும், தேதியுள்ள படங்களும், பொறியாளரின் கையெழுத்திட்ட மதிப்பீடும் கைவசம் இருக்கும். கடும் தகராறு என்றால் நீதிமன்றத்தின் மூலம் அட்வகேட் கமிஷனரை அனுப்பக் கேட்கலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கக் கூடாது. மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு அதுவும் ஆவணமாகும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. வேலை ஓரளவு நடந்து நின்றுபோன குடியிருப்பு வீடு, வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ போன பணம், ஒரு கொட்டேஷனாவது எழுத்தில் இருக்கிறது என்றால், அளவெடுத்து நோட்டீஸ் கொடுத்த கையோடு மாவட்ட ஆணையத்துக்குப் போவதே சரி. மனுவில் 'மோசடி' என்ற சொல்லே வரக் கூடாது. 2 ஆண்டு கடந்துவிட்டால், அல்லது எழுத்தில் எதுவுமே இல்லாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். காண்ட்ராக்டரிடம் வீடோ மனையோ வங்கிக் கணக்கோ எதுவும் இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தால், அந்தப் பணத்தையும் அலைச்சலையும் வழக்கில் போடாமல் வீட்டை முடிப்பதில் போடுங்கள் என்று சொல்லவும் நான் தயங்கமாட்டேன்.

நோட்டீஸ் போனதும் சமரசத்துக்கு வருபவர்களும் உண்டு. வந்தால் தவணைத் தொகைகளுக்கு அவர் கணக்கிலிருந்து தேதியிட்ட காசோலைகளை, எதற்காகத் தருகிறார் என்று எழுதிய ஒப்பந்தத்தோடு வாங்க வேண்டும். காசோலை திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம். காவல் நிலையத்தில் தேடிய குற்றவியல் அழுத்தம் இங்கே கிடைக்கிறது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்று இந்த வழக்கில் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.