விளம்பரமும் முறையீடும்

சென்ற மாதம் செங்கத்தில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். 'ஜவ்வாது மலைத் தேன்' என்று கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார் கடைக்காரர். சாமான் வாங்க மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம மலைத் தேன் இல்லீங்களே, மொதலாளி!" என்றார்.

கடைக்காரர் கொஞ்சம் முறைத்தார்; கொஞ்சம் வாதாடினார். கடைசியில் ஈரத் துணியை எடுத்து 'ஜவ்வாது மலை'யை அழித்துவிட்டார். 'தேன்' மட்டும் மிஞ்சியது. அதுவாவது தேன்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் குறை கண்டால், இப்போது கடைவாசலுக்குக்கூடப் போக வேண்டாம்; கையிலுள்ள போனில் நாலு வரி எழுதினால் போதும். ஆனால் அவர்கள் எந்த முறையீட்டுக்குச் செவி சாய்க்கிறார்கள் என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது.

டாடாவும் நமது தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் பங்கு வைத்திருக்கும் டைட்டன் கம்பெனியின் நகைக்கடை, தனிஷ்க். முஸ்லிம் குடும்பம் ஒன்று தன் ஹிந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதாக 2020 அக்டோபரில் ஒரு விளம்பரம் வெளியிட்டார்கள். அதில் தங்கத்தின் மாற்றைப் பற்றியோ எடையைப் பற்றியோ பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இணையத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. சில நாட்களில் விளம்பரம் மறைந்தது. புண்பட்ட மனங்களையும் ஊழியர்களின் நலனையும் கம்பெனி காரணமாகச் சொல்லிற்று. கடைச் சிப்பந்திகளைப் பற்றிய கவலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி மற்றொன்று. போர்ன்விட்டாவில் சர்க்கரை அதிகம், அதைச் சத்துப் பானம் என்று விளம்பரம் செய்வது தகாது என்று 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர் வீடியோ வெளியிட்டார். பதிலாக வந்தது வக்கீல் நோட்டீஸ். உண்மையைத் திரிக்கிறார் என்றது கம்பெனி. இளைஞர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கினார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், நூறு கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை 32.2 கிராமாயிற்று! அந்த இளைஞர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் சர்க்கரையைக் குறைக்க முடிந்தவர்கள் முதலில் வக்கீலை ஏன் தேட வேண்டும்?

கூச்சலுக்கு அசையாதவர்களும் உண்டு. 2019 ஹோலியின்போது வந்த சர்ஃப் எக்ஸெல் விளம்பரத்தில், தொழுகைக்குப் போகும் முஸ்லிம் சிறுவனின் வெள்ளை உடையில் சாயம் படாதபடி, ஒரு சிறுமி எல்லாச் சாயத்தையும் தன்மேல் வாங்கிக்கொள்கிறாள். இதற்கு எழுந்த கோபத்தில், பெயர்க் குழப்பத்தால் மைக்ரோசாஃப்ட் எக்ஸெலுக்கும் வசை விழுந்தது! இந்துஸ்தான் யூனிலீவர் அந்த விளம்பரத்தை விலக்கிக்கொள்ளவில்லை. சர்ஃப் இன்றும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

முறையீடு நியாயமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, எத்தனை பேர் கத்துகிறார்கள் என்று எண்ணுவது வியாபாரத்துக்கும் நல்லதல்ல. கத்தினால் காரியம் ஆகும் என்று ஜனங்கள் ஒருமுறை கற்றுக்கொண்டால், டப்பாவைத் திருப்பி அச்செழுத்தைப் படிக்கிறவன் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

செங்கத்தில் கூட்டம் எதுவும் கூடவில்லை. ஒரே ஒரு கிழவர்தான் கேட்டார். அடுத்த வாரமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று கடைக்காரர் துணியை எடுத்தார். அந்த எண்ணம் கம்பெனிகளுக்கு வரவேண்டுமானால், கூச்சல் போடுவதற்கு முன் நாமும் அந்தக் கிழவரைப் போல் ஒரு சொட்டு ருசி பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.